ஜனனி எறியும் பந்து

ஏப்ரல் 6

இன்று முகூர்த்தம் இல்லை, அதனால் கல்யாண மண்டபம் எங்களுக்கு. நேற்றுக் கல்யாணத்து அட்சதை மூலையெல்லாம் கிடந்தது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் கம்பளத்தை விரித்தோம். காரைக்குடியில் இவ்வளவு உயரமான கூரை வேறு எங்கும் இல்லை என்று எங்கள் பயிற்சியாளர் தேவிகா மேடம் தேடிப் பிடித்த இடம். கூரை உயரம்தான், விசிறிகளை யார் கழற்றுவது? இன்றைக்கும் ஒரு பந்து விசிறியில் அடிபட்டுப் பந்திக் கூடத்துக்குள் போய் விழுந்தது. நல்லவேளை, சாம்பார் வாளி எதுவும் இல்லை.

இங்கிருந்துதான் தாஷ்கண்டுக்குப் போகிறோம். மே கடைசியில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் சர்வதேசப் போட்டி, ஐவர் பிரிவு. ஐந்து பேர், ஐந்து பந்து. தேசியப் போட்டியில் முதலிடம் வாங்கியதால் குழு அப்படியே போகிறது. அப்படியே என்றால் நானும்தான். ஆனால் மேடம் இன்று என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. முகத்தைப் பார்க்கவில்லை, தலைக்கு மேலே பார்த்தார்.

ஏப்ரல் 9

எடுத்துவிட்டார்.

என்னை! நான் தப்பு செய்தேனா? பந்தை விட்டேனா? இல்லை. வளர்ந்துவிட்டேன்!

“கிருஷ்ணா, நீ பாட்டுக்கு வளந்துக்கிட்டே போற. அஞ்சு பேரும் ஒண்ணுபோலத் தெரியணும். உன்னால வரிசை கெடுது.” என் இடத்துக்கு ஒக்கூர் தீபலட்சுமி. பதினைந்து வயது. நான் ஆறாவது ஆள், உபரி.

ஜனனி பக்கத்தில் நின்றுகொண்டு, “நான் அப்பவே சொன்னேன்ல மேடம்” என்றாள். ஒன்பது வருடம் ஒரே கம்பளத்தில் புரண்டவள். போன வருடம் எனக்கு நெட்டச்சி என்று பேர் வைத்தவளும் அவள்தான். அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. ஆட்டத்தில் எண்ணிக்கை சொல்வாள், நான் கேட்பேன், அவ்வளவுதான். இனி அதுவும் வேண்டியதில்லை.

ஏப்ரல் 10

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “வயசுப்புள்ள வளராம என்ன செய்யும்? நல்லதுதானடி.” அப்பா தச்சர், அவருக்கு எல்லாமே அளவுக் கணக்கு. “பலகை கூடுனா சீவலாம். ஆளையா சீவ முடியும்?” என்று சிரித்தார். தட்டை வைத்துவிட்டு எழுந்து போனேன். இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியாது.

ஏப்ரல் 15

நானே தீபலட்சுமிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். மேடத்துக்கு நெஞ்சழுத்தம் கொஞ்சமா நஞ்சமா?

சொல்லிக் கொடுத்தேன். மேடம் அமைத்தபடி, எழுத்துப் பிசகாமல். கடைசியில் ஜனனி பின்மூலையிலிருந்து உயரமாக எறிவாள். நடுவில் நிற்பவள் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, முதுகுக்குப் பின்னால் கையை வைத்துப் பந்தை வாங்க வேண்டும்.

“நின்ன எடத்த விட்டு அசையக் கூடாது” என்றேன்.

“சரிக்கா” என்றாள்.

சொல்லாதது ஒன்று உண்டு. ஜனனியின் அந்த எறிதல் எப்போதுமே குறையும். விசிறிக்குப் பயந்து கையை இழுத்துக்கொள்வாள். ஒரு வருடமாக நான் சுற்றும்போதே ஓரெட்டு அவள் பக்கம் நகர்ந்துதான் வாங்கிக்கொண்டிருந்தேன். மேடத்துக்குத் தெரியாது, ஜனனிக்கும் தெரியாது. அது என் காலுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதை ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்? மேடம் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

ஏப்ரல் 22

இன்றும் தீபலட்சுமி பந்தை விட்டாள். நேற்றும் விட்டாள். நாளைக்கும் விடுவாள்.

மே 3

தீபலட்சுமி அழுதாள். மேடம் எல்லார் முன்னாலும், “உனக்குக் கையி இருக்கா, இல்ல சும்மா தொங்குதா?” என்று கத்திவிட்டார். பந்து அவள் கைக்கு முன்னால் விழுந்து விழுந்து உருண்டு போகிறது. தப்பு எறிகிறவள் மேல் இருக்கும் என்று மேடத்துக்குத் தோன்றவே இல்லை. ஜனனி பெரிய ஆட்டக்காரி அல்லவா.

மணமகள் அறைதான் எங்களுக்கு உடை மாற்றும் அறை. தீபலட்சுமி அங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, நான் எங்கக்கா தப்புப் பண்றேன்? நீங்க மட்டும் எப்பிடிப் புடிச்சீக?”

வாய் வரை வந்தது. ஓரெட்டு முன்னால் போ என்றால் முடிந்தது. ஆனால் சொன்னால் அவள் தாஷ்கண்டில் ஆடுவாள், நான் சட்டைப் பையில் அடையாள அட்டையோடு ஓரத்தில் நின்று கை தட்டுவேன்.

“பழகப் பழக வந்துரும்” என்றேன்.

வீட்டுக்கு வந்தும் அவள் முகம்தான் கண்ணில் நிற்கிறது. எனக்கு எரிச்சலாக வருகிறது. என்னிடம் எதற்கு வந்து அழுகிறாள்? அவள் இடத்துக்கு நானா போனேன்?

மே 17

நான் உள்ளே! தீபலட்சுமி வெளியே!

இன்று மூன்று முறை ஓட்டினோம், மூன்று முறையும் விட்டாள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் “கிருஷ்ணா, வா. உசரமா இருந்தாலும் பரவால்ல, பந்தாவது கைல நிக்கும்” என்றார். போய் நின்றேன். ஜனனி எறிந்தாள். ஓரெட்டு, ஒரு சுற்று, பந்து கையில். மேடம் கை தட்டினார்.

தீபலட்சுமி பந்துகளைத் துடைத்துப் பையில் போட்டுக் கட்டினாள்.

ஜனனி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும். நான் திரும்பியும் பார்க்கவில்லை.

வைகாசி முகூர்த்தம் வரிசையாக வருவதால் நாளையிலிருந்து மண்டபம் கிடையாது. கிளம்பும்வரை வீட்டில் உடம்பை வளைத்துக்கொண்டிருங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார். எனக்கு என்ன? என் இடம் என் காலில் இருக்கிறது.

மே 21

அமராவதிபுதூரிலிருந்து அத்தை வந்தாள். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளாம். டிவியில் காட்டுவார்களா என்று கேட்டாள். காட்டுவார்கள் அத்தை, கண்ணை அகலத் திறந்து பாருங்கள்.

மே 25

தில்லி விமான நிலையம். விமானம் தாமதம். இன்று சாயங்காலம் போட்டி அரங்கில் எங்களுக்கு ஒத்திகை நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அது போயே போயிற்று. மேடம் யார் யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சுகிறார்.

ஜனனி நாற்காலி வரிசையில் எனக்கு இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ சொல்ல வருவது போல் ஒரு தடவை எழுந்து வந்தாள். நான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது என்ன உறவு வேண்டிக்கிடக்கிறது?

மே 26, தாஷ்கண்ட்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

உடம்பைச் சூடாக்க ஒரு தாழ்ந்த கூடத்தை விட்டிருந்தார்கள், உயர எறிய முடியாது. நேராக அரங்குக்குப் போனோம். கூரை எங்கோ இருக்கிறது. விசிறியே இல்லை. முதலிலிருந்து எல்லாம் சரியாகவே போயிற்று. ஐந்து பந்தும் ஒரே மூச்சில் எழும்பின. அவ்வளவு நன்றாக நாங்கள் ஆடியதே இல்லை.

கடைசி எறிதல். ஜனனி எண்ணிக்கை சொன்னாள். நான் சுற்றினேன், ஓரெட்டு நகர்ந்தேன், கையைப் பின்னால் வைத்தேன். வரவில்லை. பந்து என் தலைக்கு மேலே போய், நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் விழுந்து குதித்து எல்லைக்கு வெளியே ஓடிவிட்டது. ஓரத்தில் வைத்திருந்த மாற்றுப் பந்தை எடுக்க ஓடினேன். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. மற்ற நாலு பேரும் முடிவு நிலையில் நிற்கிறார்கள், நான் மட்டும் கம்பளத்தின் விளிம்பில் ஒரு பந்தோடு குனிந்து நிற்கிறேன். அதையும் டிவியில் காட்டியிருப்பார்கள்.

கடைசிக்கு முந்தின இடம்.

மேடம் ஜனனியைத்தான் பிடித்துக்கொண்டார். “அரங்கத்தப் பாத்ததும் கையி நிக்கலையா? எதுக்குடி அம்புட்டுத் தூரம் எறிஞ்ச?” ஜனனி என்னைப் பார்த்தாள். நான் கணுக்காலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பிறகும் அவிழ்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 27

விடுதி மாடிப்படியில் ஜனனி வழி மறித்தாள்.

“அன்னிக்கு மண்டபத்துலதான் பாத்தேன், நீ முன்னால வந்து வாங்குறத. எம் பந்து கொறையுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அந்தப் புள்ள அம்புட்டு நாளு எதுக்கு ஏச்சு வாங்குச்சுன்னும் அப்பத்தான் புரிஞ்சுச்சு. மொட்டமாடில தெனம் எறிஞ்சு பழகுனேன்.”

“என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“தில்லில சொல்லத்தான்டி வந்தேன். நீ கண்ண மூடிக்கிட்ட.” பிறகு கேட்டாள், “ஒரு வருசமா உனக்குத் தெரியும்ல? நீ யார்கிட்டச் சொன்ன?”

அவளைத் தாண்டிப் படியேறிப் போய்விட்டேன். இவளைப் போய் நல்லவள் என்று எழுத எனக்குக் கை வராது. மேடத்திடம் என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, அது வேறு ஆத்திரமாக இருக்கிறது.

ஜூன் 14

முகூர்த்தம் இல்லை. மண்டபத்துக்குப் போனோம். உயரம் உறுத்துகிறது என்று மேடம் என்னை மறுபடி வெளியே நிறுத்திவிட்டார், இந்த முறை யோசிக்கக்கூட இல்லை. என் இடத்தில் தீபலட்சுமி.

ஜனனி எறிந்தாள். தீபலட்சுமி நின்ற இடத்திலேயே சுற்றினாள். பந்து அவள் கையில் போய் உட்கார்ந்தது. மறுபடியும். மறுபடியும். ஒன்றையும் விடவில்லை.

முடிந்ததும் மூச்சிரைக்க என்னிடம்தான் ஓடி வந்தாள். மேடத்திடம் போகவில்லை, ஜனனியிடமும் போகவில்லை.

“அக்கா, நீங்க சொல்லிக் குடுத்தீகள்ல, நின்ன எடத்த விட்டு அசையக் கூடாதுன்னு? அதையேதான்க்கா செஞ்சேன். நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீக. எனக்குத்தான் அப்ப வரல.”

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வியர்வையில் வழுக்கியது. ஜனனி கம்பளத்தைச் சுருட்டுகிற சாக்கில் அங்குட்டுத் திரும்பிக்கொண்டாள்.

“சரி, போ. தண்ணி குடி” என்றேன்.