இரண்டாவது கையெழுத்து

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களாவது நலமாக இருங்கள். என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த மறுநாளே லேபுக்கு லீவு போட்டுவிட்டு உங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள், போன் அடித்தாலும் எடுப்பதில்லை. கோபித்துக்கொள்ளவும் தெம்பில்லாமல் எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதி லேபில் இரங்கல் கூட்டம். "எனக்குக் கூட்டம் போட்டா ஆமைதான் பேசணும். டீ ஆறிப்போற வரைக்கும் இழுப்பான்" என்று படுக்கையிலேயே சொல்லிவிட்டார். மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடை நான்கு தடவை பார்க்கிற உங்களுக்கு அவர் வைத்த பெயர் எனக்கும் பழகிப்போனது. எங்கள் சின்ன மகள் அவர் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை.

தட்டாமல் வந்து பேசுங்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 8

அன்புத் தங்கைக்கு,

இருபத்தாறு வருடம் எதிரெதிர் மேஜை. அவன் பார்த்த ஸ்லைடை நான் பார்ப்பேன், நான் பார்த்ததை அவன் பார்ப்பான். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போனதில்லை.

போன ஏப்ரலில் அவன் வயிற்றிலிருந்து எடுத்த சதையை அவனே பார்த்தான். வெறும் புண் என்று எழுதி என்னிடம் நீட்டினான். "என்னுதை நானே பார்த்தா புண்ணாத்தான்டா தெரியும். நீ நல்லாப் பாரு" என்றான். அன்று எனக்கு நாற்பது ஸ்லைடு பாக்கி. அவன் கண்ணுக்கு மேல் என் கண் என்ன பெரிய கண் என்று, பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். என் சர்வீஸில் அது ஒன்றுதான்.

டிசம்பரில் புற்று என்று தெரிந்த பிறகு அந்தப் பழைய ஸ்லைடை எடுத்தேன். ஓரத்திலேயே புற்று இருந்தது. கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அம்மா. அவனிடம் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு நான்கு தடவை வந்தேன். நான்கு தடவையும் ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

நான் எந்த வாயால் பேசுவேன்?

பாவி,
ஆமை

மார்ச் 13

அண்ணாவுக்கு,

அவருக்குத் தெரியும். ஸ்லைடு ட்ரேயில் ரப்பர் பேண்டை எட்டுப் போல முறுக்கிப் போடுவது அவர் வழக்கம். அன்று அந்த முறுக்கு கலையாமலே உங்கள் மேஜையிலிருந்து திரும்பி வந்ததாம். சாயங்காலம் வந்து, "நம்ம ஆமை இன்னிக்கு ஒரே ஓட்டமா ஓடிட்டான்டி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கேட்டால் உங்கள் மனசு நோகும் என்று அவரும் விட்டுவிட்டார்.

"தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதே, தாங்க மாட்டான்" என்றார் கடைசியில். நானும் கடைசிவரை சொல்லாமலே இருந்திருப்பேன். நீங்களே எழுதிவிட்டீர்கள்.

கூட்டத்தில் பேசுங்கள். அது அவர் ஆசை. அவர் வேலையைப் பற்றிச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை. பேசி முடித்ததும் அப்படியே திரும்பிப் போய்விடுங்கள். வீட்டுக்கு வர வேண்டாம். உங்களை நினைத்தாலே நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது காதில் கேட்கிறது.

இப்படிக்கு,
அவருடைய மனைவி