கார்லண்ட் கொண்டுபோன பெட்டிகள்

பிப்ரவரி 9, ஞாயிறு

என்னை விட்டுப் பிரிந்துபோன கார்லண்ட் வந்து படகை எடுத்துக்கொண்டு போனான். படகு அவன் பேரில் இருக்கிறது, அதற்கு நான் வாய் திறக்க முடியாது. ஆனால் கராஜ் சுவரில் மாட்டியிருந்த அத்தனை தூண்டில் ராடுகளையும் ரீல்களையும் இரைப் பெட்டிகளையும் சேர்த்து ஏற்றினான். சுவரில் இப்போது ஆணிகள்தான் மிச்சம்.

"அதுல பாதி என்னுது" என்றேன்.

"எது உன்னுதுன்னு காட்டு, எடுத்து வெக்கிறேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

காட்டத் தெரியவில்லை எனக்கு. பத்தொன்பது வருடம் ஒரே படகில் பாஸ் மீன் பிடித்திருக்கிறோம். தம்பதியர் போட்டியில் நாலு கோப்பை வாங்கியிருக்கிறோம். அவன் நரம்பில் முள்ளைக் கட்டி நீட்டுவான், நான் வாங்கி வீசுவேன். எந்த ராடு என்னுடையது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவனோடு இப்போது இருக்கும் ஷெல்பி, ஹன்ட்ஸ்வில்லில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவள், படகில் ஏறினாலே வாந்தி எடுப்பாளாம். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. இருக்கட்டுமே.

பிப்ரவரி 12

பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிற டவானா சோளரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டே கேட்டாள்: "நெசமாச் சொல்லு நடீன். உனக்கு மீன் புடிக்கத் தெரியுமா, இல்ல அவன் புடிச்சதுக்குப் பக்கத்துல நின்னு கை தட்டினியா?"

கிண்டலுக்குத்தான் கேட்டாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி முள்ளாகக் குத்துகிறது. குளிர்பெட்டி மேல் நாலு கோப்பை. நாலிலும் இரண்டு பேர் பெயர். அதில் என் பெயர் எதற்கு?

பிப்ரவரி 15

மெர்ல் கடைக்குப் போனேன். இரை விற்பவன், ஊர் வம்பும் விற்பவன். மார்ச்சில் சீட்டுக் குலுக்கும் போட்டி ஒன்று வருகிறது. படகு இல்லாதவர்களும் சேரலாம். சீட்டில் யார் விழுகிறார்களோ அவர் படகின் பின்தட்டில் நின்று பிடிக்க வேண்டும். முன்னால் நிற்பவர் படகுக்காரர், அவர் போகிற இடத்துக்குத்தான் நாமும் போக வேண்டும், அவர் வீசி முடித்த தண்ணீரில்தான் நாம் வீச வேண்டும். எச்சில் சோறு மாதிரிதான். ஆனாலும் பெயர் கொடுத்துவிட்டேன்.

"என்ன ராடு வேணும்?" என்று கேட்டான் மெர்ல்.

"மீன் புடிக்கிற ராடு."

"அதான் எவ்வளவு நீளம், எவ்வளவு கனம்?"

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பத்தொன்பது வருடம்! தொடப்பக்கட்டை வாங்கப் போனவள்கூட இதைவிடத் தெளிவாகக் கேட்டிருப்பாள்.

பிப்ரவரி 16

அழுதேன். சர்ச்சுக்குப் போகவில்லை.

மார்ச் 1

கையில் இருக்கிற பணத்துக்கு ஒரு ராடுதான். ஏழு ராடு வைத்துக்கொண்டு ஏழு விதமாகப் பிடிப்பது கார்லண்டின் வழி. அடகுக் கடையில் ஒன்றைக் கண்டேன். ஏழடி, கொஞ்சம் விறைப்பு, நுனி மட்டும் வளைகிறது. பிடித்துப் பார்த்ததும் கை தெரிந்துகொண்டது. கடைக்காரன் எண்களைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதோடு வந்த ரீல் சுற்றும்போது காபி அரைக்கிற மாதிரி சத்தம். பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். இப்போது அடங்கியிருக்கிறது.

பழைய தங்கூசி நரம்பை உருவி எறிந்துவிட்டுப் புதிது சுற்றினேன். எதில் மிச்சம் பிடித்தாலும் நரம்பில் பிடிக்கக் கூடாது. ராடு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் மீனைப் பிடித்திருப்பது நரம்புதானே.

இரைக்கு வேறு மாதிரி யோசித்தேன். அவனிடம் பெட்டி பெட்டியாக இருந்தது. அதில் உண்மையிலேயே மீன் கடித்தது எதை? கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மீனாக நினைத்துப் பார்த்தேன். மூன்றுதான் வந்தது. புல்லுக்குள் கலகலவென்று சத்தம் போடுகிற சிவப்புத் தட்டைப் பொம்மை மீன், பச்சை ரப்பர் புழு, அப்புறம் ஈயத்தலையும் பழுப்புக் குஞ்சமும் வைத்த முள். மற்றதெல்லாம் அலங்காரம். மூன்றும் மெர்ல் கடையின் தள்ளுபடித் தொட்டியிலேயே கிடைத்தன. இந்தத் தடவை பெயர் சொல்லிக் கேட்டேன்.

மார்ச் 8

பின்தட்டில் ஒரு பைக்குத்தான் இடம். நாள் முழுக்க அடுக்கினேன். முட்கள், ஈயக்குண்டுகள் எல்லாம் வாராந்திர மாத்திரை டப்பாவுக்குள். திங்கள் அறையில் சின்ன முள், சனி அறையில் பெரியது. புழுக்கள் அதனதன் உறையிலேயே, நிறுத்திவைத்து, சமையலறையில் தூக்கிப் போட இருந்த மயோனைஸ் டப்பாவில். சிவப்பு மீனின் மூவிதழ் முட்களுக்கு உறிஞ்சு குழாயை வெட்டி மாட்டிவிட்டேன், ஒன்றோடொன்று சிக்காது.

வேலை செய்கிற நேரம் முழுக்க அவனை நினைக்கவேயில்லை. முடித்த பிறகுதான் நினைத்தேன்.

மார்ச் 22, சனி

எமெட் போக் என்பவர் படகில் விழுந்தேன். சுவர்ப் பலகை அடிக்கிற வேலை, அறுபது வயதிருக்கும், பேச்சு குறைவு. என் மயோனைஸ் டப்பாவைப் பார்த்தார். "சாப்பாடாம்மா?" என்றார். "புழு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் இந்த ஊர்ல" என்றார்.

மனிதர் நல்லவர், எனக்கும் வீசக் கொஞ்சம் தண்ணீர் விட்டுவைத்தார். அதிலேயே இரண்டு மீன். பிறகு பாலத்தடியில், பழுப்புக் குஞ்சத்தைக் கல் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தபோது நரம்பு கனத்தது. இழுக்கவில்லை, கடிக்கவில்லை, வெறுமனே கனத்தது. அப்படிக் கனத்தால் மீன்தான், அது எனக்குத் தெரியும். ராடைச் சுண்டி முள்ளை ஏற்றினேன். பெரிது. அவ்வளவு பெரியதைக் கார்லண்டின் படகிலும் பார்த்ததில்லை. எமெட் வலையோடு முழங்காலிட்டார். மீன் வாயைத் திறந்து தலையை ஆட்டியது.

நரம்பு லேசாகிவிட்டது.

எமெட் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. "அறுந்தா நுனி நேரா இருக்கும்மா. இது அவுந்திருக்கு." பிறகு கேட்டார்: "இறுக்கும்போது எச்சி வெச்சீங்களா?"

வைக்கவில்லை. இந்த நரம்பைக் காய்ந்த வாக்கில் இறுக்கினால் உரசல் சூட்டில் வெந்து, கட்டு முழுசாக இறுகாதாம். கார்லண்ட் ஒவ்வொரு முடிச்சையும் நக்குவான். பத்தொன்பது வருடம் அதை அசிங்கம் பிடித்த பழக்கம் என்று முகம் சுளித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மீன் ஏறியிருந்தால் முதலிடம். பதினாலாவது வந்தேன்.

மார்ச் 23

அப்போ டவானா கேட்டதுக்கு இதுதானே பதில்? அவன்தான். எல்லாம் அவன்தான். நான் வெறும் கை. கட்டி நீட்டினால் வீசும் கை. பேசாம ராடை அடகுக் கடைக்கே திருப்பிக் குடுத்துடலாம்.

ஏப்ரல் 2

குடுக்கலை. சாப்பாட்டு மேசைக் காலில் முள்ளைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறேன். மேசை நகர்கிறது, கட்டு நகரவில்லை.

மே 17

குலுக்கல் போட்டி. ஒன்பதாவது. புகையிலை மெல்லுகிற ஒருவன் படகு; எனக்குச் சொட்டுத் தண்ணீர் விடவில்லை. திட்டிக்கொண்டே இரண்டு பிடித்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

கார்லண்ட் வந்தான். எல்லாப் பெட்டியும் வண்டியில். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே கராஜில் இறக்கி வைத்தான்.

"அக்டோபர்ல தம்பதியர் போட்டி இருக்கு" என்றான்.

"ஷெல்பி?"

"அவ தண்ணியப் பாத்தாலே பச்சையாயிடறா. அதுவும் போக, சட்டப்படி நீதான இன்னும் பெண்டாட்டி. நாம ரெண்டு பேரும் தண்ணியில நல்லாத்தான் இருந்தோம் நடீன். கரையிலதான் சரிப்படலை."

அது உண்மைதான். அதுதான் வலித்தது.

அவன் போன பிறகு பெட்டிகளைத் திறந்தேன். புழுக்கள் ஒரே களி. நான் கம்பெனி வாரியாக உறையிலேயே பிரித்து வைத்திருந்ததையெல்லாம் உருவி, நிறம் பார்த்து ஒரே தட்டில் கொட்டியிருக்கிறான். ஒரு கம்பெனி ரப்பர் இன்னொன்றைத் தொட்டால் உருகும். பச்சையும் ஊதாவும் கலந்து பெட்டியின் பிளாஸ்டிக்கையே தின்றுவிட்டிருந்தது. தட்டை மீன்களை ஈரத்தோடு மூடியிருக்கிறான். மூவிதழ் முட்கள் துருப்பிடித்து ஒரே கொத்து. ஒன்றைத் தூக்கினால் பத்து வருகிறது. சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை வருடமும் பெட்டியைக் காயவைத்தவள் நான். பிரித்தவள் நான். அதை ஒரு வேலை என்று அவனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அவனுக்குக் கட்டத் தெரியும், எனக்கு வைக்கத் தெரியும். அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆளா? அது மட்டும் உண்மையென்றால் நான் அவனோடு போட்டிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 3

டவானாவிடம் சொன்னேன். "போயேன். படகு இருக்கு, பொட்டி இருக்கு, புருஷன் மட்டும் கொஞ்சம் ஒடஞ்சிருக்கான்" என்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். "போனா, திரும்பி வரும்போது எங்கிட்ட வந்து அழக் கூடாது."

செப்டம்பர் 27, சனி

ஒத்திகைக்கு அவனோடு ஏரிக்குப் போனேன். பழைய படகு, பழைய இருக்கை. பிமென்டோ சீஸ் சாண்ட்விச் வாங்கி வந்திருந்தான், எனக்குப் பிடித்த கடையிலேயே. படகு வேகம் பிடித்ததும் முகத்தில் காற்று அடித்தது, மனசு இளகிவிட்டது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, இளகித்தான் விட்டது.

புல்திட்டருகே மோட்டாரை நிறுத்தினான். ராடை நீட்டினான். முனையில் பழுப்புக் குஞ்சம், கட்டித் தயாராக.

வாங்கினேன். கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். நானே கட்டினேன். எச்சில் வைத்து இறுக்கினேன்.

"ஏன், என் கட்டுல என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல."

"பின்ன?"

"நான் புடிக்கிறத நான் கட்டிக்கிறேன்."

தோளைக் குலுக்கினான். பிறகு நான்கு மீன் பிடித்தேன், அவன் ஐந்து. நல்ல நாள்தான். அவன் எங்கே மீன் நிற்கும் என்று கண்டுபிடிக்கிறவன், அதை மறுக்க மாட்டேன்.

கரையேறும் சரிவில் மெர்லும் இன்னும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். "என்ன, ஜோடி திரும்பவும் சேந்தாச்சா?" என்றான் மெர்ல். கார்லண்ட் என் தோளில் கை போட்டான். "பாவம், நான் கட்டிக் குடுக்காம இத்தனை மாசமாத் திண்டாடினா." எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறான். காலையில் நான் வெட்டிக் கட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டும் நம்புகிறான். இன்னும் பத்தொன்பது வருடம் பார்த்தாலும் அப்படியேதான் நம்புவான்.

வண்டியில் ஏறும்போது சொன்னேன். "அக்டோபருக்கு வேற ஆளப் பாத்துக்க."

"வேற பெண்டாட்டிக்கு எங்க போவேன்?"

"அத ஷெல்பிகிட்ட கேளு."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். இறங்கும்போது, "பெட்டி எல்லாம் உன் கராஜ்ல இருக்கு" என்றான். "வந்து எடுத்துக்க" என்றேன். சரியாத்தான் செஞ்சேனா? படகு போச்சே. ஏரியோட நல்ல மூலையெல்லாம் அவன் தலைக்குள்ளதானே இருக்கு.

அக்டோபர் 1

பெட்டிகள் போய்விட்டன. களியைச் சுரண்டிக் கழுவி, துருவைத் தேய்த்துக் கொடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை. அழுக்காகக் கொடுக்க மனசு வரவில்லை.

நவம்பர் 8, சனி

குளிர். விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை. குலுக்கலில் மறுபடி எமெட் போக். வேறு மூலைக்குக் கூட்டிப்போனார். காற்று சுழன்றடித்ததால் முன்னால் நின்று படகைப் பிடித்து வைக்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. "நீங்க வீசுங்கம்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். பழுப்புக் குஞ்சத்தைச் செங்குத்துக் கரையில் உருட்டிவிட்டேன். மூன்று மீன், பின்தட்டுக்காரர்களுக்கு மூன்றுதான் கணக்கு. எடை போட்டபோது இரண்டாமிடம்.

திரும்பும் வழியில் எமெட் கேட்டார், வசந்தகால ஜோடிப் போட்டிக்கு யாரோடு போகிறீர்கள் என்று. யாரோடும் இல்லை என்றேன். தொண்டையைச் செருமினார். "எனக்கும் ஆள் இல்ல. சம்சாரம் போய்ச் சேந்தாச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, மீனுக்குத்தான் கேக்கறேன்." மீனுக்குத்தான் நானும் சரி என்றேன்.

சாயங்காலம் கார்லண்ட் போனில் கூப்பிட்டான். மெர்ல் சொல்லியிருப்பான். இந்த ஏரியில் எந்த இரையில் மீன் விழுந்தது என்று யார் கேட்டாலும் உண்மை சொல்ல மாட்டோம். பாதிரியார் கேட்டாலும் பொய்தான். உண்மை, கூடப் படகில் நிற்கிற ஆளுக்கு மட்டும். எல்லோரும் அப்படித்தான், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

"ரெண்டாவதாமே" என்றான். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டான்: "என்னத்துல விழுந்துச்சு நடீன்?"

பச்சைப் புழு என்று சொன்னேன்.