கிடைக்குப் பொது மாத்திரை

1947 பிப்ரவரி 3
வடுகபட்டிக்கு மேற்கே, அறுத்த வயலில் கிடை போட்டாயிற்று. ஐந்து வீட்டு ஆடுகள், மொத்தம் தொண்ணூறு. எங்கள் நான்கு குட்டிகளுக்குக் கழிச்சல். பட்டாளத்துக் கழுதை ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் கட்டுப் போட்டவன் நான். வரும்போது கொண்டுவந்த, கிருமியைக் கொல்லும் சல்பா மாத்திரை ஒரு டப்பா இருக்கிறது. நோய் கண்டதற்கு மட்டும், முழு அளவு, ஐந்து நாள். அதுதான் முறை.

பிப்ரவரி 8
நான்கும் துள்ளுகின்றன. கருப்பி ஆட்டின் குட்டியும் அதில் ஒன்று. நல்லவேளை. என் வீட்டுக்காரி சுப்புத்தாய்க்குப் பால் வற்றியதிலிருந்து எங்கள் மகள் இருளம்மாளுக்குக் கருப்பிதான் தாய்; ஒரு காம்பு இவளுக்கு, ஒரு காம்பு அதன் குட்டிக்கு. ஒன்பது மாசக்காரி. கறந்த சூட்டோடு, காய்ச்சாமல் குடித்தால்தான் அவளுக்கு இறங்குகிறது.

பிப்ரவரி 12
சுப்புத்தாயின் அண்ணன் மொக்கைச்சாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். “என்ன மாப்ள, ஒங்க குட்டிக்கு மட்டும் வைத்தியமா? கெடைக்குள்ள வந்தா அஞ்சு வீட்டுக்கும் பொது.” உண்மைதான்; உப்பு வாங்கினாலும் தொண்ணூறும் நக்க வேண்டும். நோயில்லாததுக்கு எதுக்கு மச்சான் என்றேன். “வராம இருக்கத்தான்.” சுப்புத்தாய் என் அருகில் வந்து, “அண்ணன் கேக்குறாக, குடுத்துட்டுப் போங்களேன்” என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி
தொட்டித் தண்ணீரில் மூன்று மாத்திரை கரைத்தேன். இருப்பது ஒரு டப்பா; தொண்ணூறு ஆட்டுக்கு மூன்று. எங்கள் கழுதை டாக்டர் பார்த்தால் பூட்ஸ் காலால் உதைத்திருப்பார். இனி வெள்ளிதோறும் இப்படித்தானாம். குட்டிகள் பிழைத்ததிலிருந்து போகிற இடமெல்லாம் மரியாதை. எனக்கும் அது பிடித்திருக்கிறது, மறைப்பானேன்.

மார்ச் 7
கரைத்தாயிற்று.

ஏப்ரல் 7
மறுபடி கழிச்சல். ஏழு குட்டிகளுக்கு முழு அளவு, ஐந்து நாள் கொடுத்தும் ஐந்து செத்தன. கருப்பியின் குட்டி எப்படியோ தப்பியது. அதே மாத்திரை, அதே டப்பா. பின்னே ஏன்?

ஏப்ரல் 10
இருளம்மாளுக்கு வயிறு போகிறது. சளியும் ரத்தமுமாக. மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன் — முழு அளவு. இவள் மருந்தில் பங்கு கேட்கப் பங்காளி யாருமில்லை.

ஏப்ரல் 13
நிற்கவில்லை. பெரியகுளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரிடமும் அதே மருந்துதான். தொட்டி விஷயத்தைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். “கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்து அந்தக் கிருமிய மருந்துக்குப் பழக்கிட்டீங்க. பச்சைப் பால்ல அதுதான் வந்திருக்கும்” என்றார்.
தெரியாதவன் செய்திருந்தால் சரி. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கரைச்சேன். மச்சான் மூஞ்சிக்காகவா, நல்ல பேருக்காகவா — எதுக்குடா செஞ்சே?

ஏப்ரல் 15
பிள்ளைக்குக் கண் செருகுகிறது. உப்புக் கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி
பக்கத்துக் கிடைப் பிச்சைமணி வந்திருந்தார். “வெள்ளிக்கெழம மருந்து எங்க குட்டிகளுக்கும் கொஞ்சம் குடுங்க.” நான் வாய் திறக்குமுன் மச்சான் சொன்னார், “அது இங்கன யாருக்கும் வேணாம்யா.” தொட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்.
கறக்கும் நேரம் சுப்புத்தாய் செம்பை எடுக்கவில்லை; குடிக்க இருளம்மாள் இல்லை. கருப்பியின் இரண்டு காம்பையும் அதன் குட்டியே குடித்தது.