உங்கள் படத்துக்காக அண்ணாவைப் பிடித்திருக்கிறார்கள்

என் அன்பு அப்பா,

அம்மா படுத்துவிட்டார். கடல்கடந்த இந்த ஏவன்டேல் வீட்டில் உங்கள் மேசையிலிருந்து போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. வீட்டுச் செய்தி நல்லதில்லை.

மன்னாரில் உங்கள் கல்லறைக்குக் கல் வைக்க இங்கிருந்து போன அண்ணாவை, அங்கே இறங்கிய விமான நிலையத்திலேயே பிடித்துவிட்டார்கள். அவருடைய முகநூலில் உங்கள் பழைய படம் ஒன்று இருந்ததுதான் காரணமாம். ஒரு கல்யாண வீட்டில் சிரித்தபடி நிற்கிறீர்கள். பின்னால் போராளிச் சீருடையில் யாரோ ஒருவர்.

அதைப் போட்டது அண்ணா இல்லை, அப்பா. நான். உங்கள் கூட்டாளிகள் எல்லோரும் அவர் கணக்கில்தானே இருக்கிறார்கள் என்று, அவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் போட்டேன். உங்கள் சிரிப்பை மட்டும்தான் பார்த்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். விசாரணை முடியவில்லை என்று பொலிஸ் சொல்லும். நீதவான் தலை நிமிராமல் அடுத்த தவணை கொடுப்பார். நாலு தவணை போய்விட்டது. என்ன குற்றம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. இப்போது சிங்களத்தில் எழுதிய கடதாசி ஒன்றை நீட்டுகிறார்களாம். செவ்வாய்க்கிழமைத் தவணைக்குள் கையெழுத்து வைத்தால் விடலாமாம்.

உங்களையும் இளவயதில் இப்படித்தான் வைத்திருந்தார்கள் இல்லையா? "வாசிக்கத் தெரியாத கடதாசியிலை கையெழுத்து வைச்சன், பிள்ளை. அதுக்குப் பிறகு கோட்டிலை நான் கதைச்சது ஒண்டும் ஏறேல்லை. கடதாசிதான் கதைச்சது" என்பீர்கள். என் பள்ளிக்கூடச் சுற்றுலாப் படிவத்தைக்கூட மூன்று முறை வாசிப்பீர்களே.

அங்கே அண்ணாவுக்காக வாதாடும் லோயரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தங்கச்சி, படம் போட்டது நான்தான் எண்டு அங்க ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால சத்தியக்கடதாசி முடிச்சு அனுப்பலாம். கோட்டிலை எடுத்துப் பாப்பினமோ, இல்லாட்டி உம்மடை பேரையும் சேத்துப் போடுவினமோ, எனக்குத் தெரியாது."

"நான் உண்மையைத்தானே சொல்றன்?"

"ஓம். அதுதான் எனக்கும் பயம்."

பக்கத்தில் நின்ற அம்மா போனைப் பறித்தார். "வாயைத் திறக்காதை! ஒண்டு உள்ளுக்கை கிடக்குது. மற்றதையும் குடுக்கேலாது."

அம்மா சொல்வது பிழையா? என் பெயர் அங்கே ஏறினால், உங்கள் கல்லறைக்கு நான் ஒருநாளும் வர முடியாமல் போகலாம். பேசாமல் இருந்தால் அண்ணா கையெழுத்து வைத்துவிடுவார்.

இங்கே சனிக்கிழமைகளில் நூலகத்தில் சமாதான நீதவான் ஒரு சின்ன மேசையில் இருப்பார். விசா படிவங்களோடு ஆட்கள் நிற்பார்கள். எழுதியது உண்மையா என்று கேட்பார். ஆம் என்றால் முத்திரை குத்துவார். அவ்வளவுதான். அப்படிக் கேட்க அங்கே ஒருவரும் இல்லையா, அப்பா? போன இரண்டு சனிக்கிழமையும் வரிசையில் நின்றேன். இரண்டு தடவையும் என் முறை வருமுன் ஓடிவந்துவிட்டேன்.

இப்போது சத்தியக்கடதாசியை எழுதி முடித்துவிட்டேன். உங்களைப் போல மூன்று முறை வாசித்தும் பார்த்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை. இந்த முறை ஓடமாட்டேன். அண்ணா தனக்கு விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்க முன்னம், எனக்கு விளங்கின கடதாசியில் நான் வைப்பேன்.

அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் படத்தைப் போட்ட,
உங்கள் சின்ன மகள்