சுக்கு படுத்திருந்த பதினோரு கட்டங்கள்

அக்கா,

நீ வியோலா வாசிப்பவர்களுக்காகப் படியெடுத்த தாள்களை நேற்றுப் பிரித்தேன். மூன்றாம் பக்கம் கிழிந்து, நீ டேப் ஒட்டியிருக்கிறாய். டேப்புக்கு அடியில் நம் பூனை சுக்குவின் முடி ஒன்று, பழுப்பு நிறத்தில், அகப்பட்டுக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டப் போய், வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஒரு பூனைக்காக நாற்பது வாத்தியங்களுக்கு இசை எழுதுகிறேன் என்றபோது சிரிக்காத ஒரே ஆள் நீதான். அண்ணன் போனில் கேட்டது நினைவிருக்கிறதா? "ஏண்டா, பூனைக்கு ஆர்கெஸ்ட்ரா. நாய்க்கு எப்போ?" நீ என் கையிலிருந்து போனை வாங்கி, "எங்க வீட்ல நாய் இல்லையேண்ணா. நீயும்தான் வர்றதில்ல" என்றாய். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவன் பேசவில்லை. அந்த ஆறு மாதத்தில்தான் பாதியை எழுதி முடித்தேன்.

சேலையூர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் நான் பென்சிலோடு, எதிர்ப்பக்கம் நீ மைப்பேனாவோடு. எல்லா வாத்தியங்களும் அடுக்கடுக்காக இருக்கும் பெரிய தாளை நான் எழுதித் தள்ளுவேன். நீ ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் தனித்தனியாகப் பிரித்தெழுதுவாய். உனக்கு இசைக்குறி வாசிக்கத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் பழகிய கை, இருப்பதை இருப்பதுபோல் எழுதும். தாளக் கட்டம் ஏதாவது காலியாக இருந்தால் அதில் ஓய்வுக் குறி போட வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கம்ப்யூட்டரில் செய்யலாமே என்று பலர் கேட்டார்கள். பத்தொன்பது வருடம் சினிமா ஸ்டுடியோக்களில் அதன் முன்னால் உட்கார்ந்துதான் வயலின் வரிகள் எழுதினேன். எல்லாம் வேறு ஆட்களின் பெயரில் வெளிவந்தன. அவர்களில் ஒருவரையும் நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

சுக்கு தினமும் அந்தப் பெரிய தாளின் வலது கீழ் மூலையில் வந்து படுக்கும். வியோலா, செல்லோ, டபுள் பாஸ் மூன்றுக்கும் வரிகள் அங்கேதான். நான் தள்ளப் போனால் நீ விடமாட்டாய். "தூங்கட்டும்டா. மேல எழுது." மேலே எழுதுவேன். அது எழுந்து போன பிறகு கீழே நிரப்புவேன். ஒரே ஒரு நாள் நிரப்ப மறந்து, தாளை உன் பக்கம் தள்ளிவிட்டேன்.

தெரிந்த வாத்தியக்காரர்களைச் சேர்த்து நடத்திய முதல் ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் கனத்த குரல் வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்றுபோயின. வயலின்களும் ஓபோ குழலும் மட்டும் காலுக்கடியில் தரையில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தன. முடிந்ததும் டபுள் பாஸ்காரர் கேட்டார்: "இன்னா சார், எங்க சைடுக்கு மட்டும் லீவு வுட்டுகீறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் தாம்பரம் பஸ்ஸில் ஊர் பார்க்க உன்னைத் திட்டினேன். "காலியா இருந்தா கேக்க மாட்டியா? பதினோரு கட்டம்க்கா!"

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, "அது சுக்கு படுத்திருந்த இடம். நீ வேணும்னுதான் விட்டிருக்கேன்னு நெனச்சேன்" என்றாய்.

அன்று மாலை செல்லோ வாசிக்கும் பெண் தன் போனில் பதிவுசெய்ததை அனுப்பியிருந்தாள். கேட்டேன். நான் எழுதிய அத்தனை பக்கங்களிலும் நான் எழுதாத அந்த இடத்தில்தான் பூனை இருந்தது. பீரோவின் மேலிருந்து குதித்து, இன்னும் தரையைத் தொடாத பூனை. "அந்த சைலன்ஸ் செம ஐடியா சார்" என்று அவள் எழுதியிருந்தாள். நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "ஆமாம், ரொம்ப யோசித்துச் செய்தது."

இதை உன்னிடம் சொல்லவே இல்லை. சொல்ல நாலு மாதம் இருந்தது. நீ மருத்துவமனையில் இருந்தபோதுகூட, "அந்தக் கட்டத்தையெல்லாம் ரொப்பிட்டியா?" என்று கேட்டாய். "பார்த்துக்கலாம்" என்றேன். ஸ்டுடியோவில் எனக்குச் செய்ததையே உனக்கு நானும் செய்தேன்.

உன் அடக்கம் முடிந்து வந்த மாலை அண்ணன், "பூனைய பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் விட்டுடு, இனிமே யாரு பாக்குறது?" என்றான். செருப்பைக் காட்டி வாசலைக் காட்டினேன். அதன்பின் சுக்கு பதினான்கு மாதம் என்னோடு இருந்து, உன் பழைய சேலையின் மேல் படுத்தபடி போனது.

இந்த வருடம் நகரத்தில் ஒரு இசைச் சங்கம் இதை அரங்கேற்ற ஒப்புக்கொண்டது. நிகழ்ச்சித் தாளில் அந்தப் பதினோரு கட்டங்கள் உன்னுடையவை என்று உன் பெயரை எழுதி அனுப்பினேன். போன மாதம் செயலாளர் போன் செய்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. காலியா விட்டதுக்கு எப்படி சார் கம்போசர்னு பேர் போடுறது? ஃபில் பண்ணிடுங்க, பிரச்சினையே இல்ல. இல்லன்னா உங்க ஐடியான்னே இருக்கட்டும்."

"என் ஐடியா இல்ல. என் அக்காவோடது."

"அவங்க மியூசிஷியனா?"

"இல்ல. டீச்சர்."

"அப்போ பீஸையே புரோகிராம்ல இருந்து எடுக்க வேண்டியிருக்கும் சார்."

"எடுத்துடுங்க."

ஐம்பத்து மூன்று வயதில் எனக்குக் கிடைத்த முதல் மேடை அது. போகட்டும். வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டேன். பதினேழு பேர் வருவதாகச் சொன்னார்கள். டபுள் பாஸ்காரர் மறைமலை நகரில் ஷிஃப்ட் முடித்து நேராக வருகிறார். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கோயில் கூடத்தில் வாசிக்கப் போகிறோம். நாற்பது பேருக்கு எழுதியதைப் பதினேழு பேருக்குச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் கை வைத்தாயிற்று, ஒரு பக்கத்தைத் தவிர.

செல்லோ பெண்ணிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்போ அந்த இடத்துல நாங்க என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டாள்.

வில்லை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே தூங்குவதை எழுப்பாமல் உட்கார்ந்திருக்கச் சொன்னேன்.