பால்கனியில் ஒரு கறுப்புச் சில்லு

இன்று முறுக்கு டின்னைத் திறந்ததும் நமத்த எண்ணெய் வாடை அடித்தது. உடனே உன் ஞாபகம். செத்துப்போன சிநேகிதியை நினைக்க மல்லிகை, சந்தனம் என்று எவ்வளவோ இருக்க, எனக்கு வாய்த்தது இது.

சூரிய மின்கலத்துக்கான பெரோவ்ஸ்கைட் படிகத்தை எனக்கு விளக்க நீ எடுத்த உதாரணமே முறுக்குதான். "வெயில கரண்ட்டா மாத்துறதுல சிலிக்கானுக்குச் சளைச்சதில்ல. ஆனா ஈரம் பட்டா நமத்துரும். பினாங்குல ஈரத்துக்கா பஞ்சம்?"

அந்தத் தீபாவளிக்கு எங்கள் டின் மூடியைச் சுற்றி, செல்லோடேப்புக்குப் பதிலாக உன் ஆய்வுக்கூடத்துப் பசையைத் தடவினாய். விருந்தாளிகள் காத்திருக்க, நான் ஸ்குரூடிரைவரோடு மல்லுக்கட்டினேன். நீயோ, "ஒட்டு நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்று திருப்திப்பட்டாய்.

அதே பசையால் ஓரம் அடைத்த, தபால்தலை அளவு பெரோவ்ஸ்கைட் சில்லு ஒன்றை, டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பால்கனிக் கம்பியில் கட்டினாய். ஆய்வுக்கூடத்து ஏர்கோன் குளிரில் தாக்குப்பிடிப்பது பெரிதில்லை, நம் மழையில் ஓராண்டு நிற்குமா என்பதே உன் கேள்வி. ஞாயிறுதோறும் வந்து அது தரும் மின்சாரத்தை அளந்தாய்.

எதிர்வீட்டு அக்காவுக்குத் தாங்கவில்லை. என் மனைவியிடம் கேட்டே விட்டார்: "அந்தம்மா வாராவாரம் உங்க மாடிக்கு வந்து என்னதான் பாக்குறாங்க?"

"வெயில பாக்குறாங்கக்கா. இவர்கிட்ட பாக்க என்ன இருக்கு லா?"

பிறகு நீ மருத்துவமனையில் படுத்தாய். கறுப்புச் சில்லு மஞ்சளானால் படிகம் சிதைந்துவிட்டதாக அர்த்தம். நான் பார்க்க வந்தால் அதை மட்டுமே கேட்பாய்.

"மஞ்சளாயிருச்சா?"

"இல்ல."

"எனக்காகச் சொல்லாத."

"என் மீசை மைகூட வெளுத்துருச்சு. அது அப்படியே இருக்கு."

சிரித்தாய். ஆண்டு நிறைவதற்குள் போய்விட்டாய்.

சில்லு ஓராண்டும் தாக்குப்பிடித்தது. மின்சாரம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் நின்றது. உன் ஆய்வுக்கூடத்துக் கூட்டாளிகள் கழற்ற வந்தபோது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். போன வாரம் ஒரு மூலையில் மஞ்சள் தெரிந்தது. அழுகை வருமென்று நினைத்தேன், வந்தது சந்தேகம். ஈரம் எந்த வழியாகப் புகுந்தது? மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடிபோலச் சில்லின்மேல் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள், சில்லின் மின்கம்பி வெளியே வரும் இடத்திலிருந்துதான் பரவியிருந்தது. பசை ஓரம் முழுக்கக் கறுப்பு. உன் ஒட்டு குற்றவாளி இல்லை.

உன் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டு, அடுத்த சில்லில் மின்கம்பி வரும் இடத்துக்கு இரட்டைப் பூச்சு வேண்டும் என்றேன். எடுத்தவர் புதியவர்.

"சார் எந்த டிப்பார்ட்மெண்ட்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"பால்கனி" என்றேன்.