நடனக் கூடத்தை மூடச் சொன்னவளே திறக்கச் சொல்லும் மனு

அனுப்புநர்:
க. பூங்கோதை,
க/பெ. கலியமூர்த்தி,
செராமிக் பொம்மைத் தயாரிப்பாளர்,
செராமிக் தொழிற்பேட்டை,
விருத்தாசலம்.

பெறுநர்:
வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
விருத்தாசலம்.

பொருள்: என் பக்கத்து ஷெட்டில் திரு. பைரோஸ் நடத்திவந்த சனிக்கிழமை நடனக் கூடத்துக்கு, என் மனுவின் பேரில் வைக்கப்பட்ட சீலை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 04.08.2025.
2. திரு. பைரோஸ் அவர்களின் மனு, நாள் 12.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட இரண்டு மனுக்களிலும் என் கையெழுத்து இருக்கிறது. முதல் மனுவில், நடனக் கூடத்தின் சத்தத்தால் என் தொழிலே நாசமாகிறது, உடனே மூட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எட்டு நாள் கழித்து, அதே கூடத்தால் எவ்விதத் தொந்தரவும் இல்லை என்று திரு. பைரோஸ் அவர்களின் மனுவில் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வரும் 22ஆம் தேதி விசாரணை என்று நோட்டீஸ் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது என்று இதை எழுதுகிறேன். முதல் மனுவைத் தங்கள் அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்து எழுதித் தருபவரிடம் சொல்லி எழுதி வாங்கினேன். இதை நானே எழுதுவதால் பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

2. என் ஷெட்டில் கொலு பொம்மைகள் செய்கிறோம். அச்சில் களிக்குழம்பை ஊற்றி, எடுத்து, பலகையில் அடுக்கிக் காயவைத்து, பிறகு சூளையில் வைப்போம். கடந்த ஜூலை மாதத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் கதவைத் திறந்தால் முப்பது, நாற்பது பொம்மைகள் கழுத்தில் வெடித்துக் கிடந்தன. நவராத்திரிக்கு அனுப்ப வேண்டிய சரக்கு. சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை பக்கத்து ஷெட்டில் பாட்டு. அந்த இடி எங்கள் தகரத்தில் அதிரும், பலகையில் பொம்மைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

3. மனு எழுதித் தந்தவர், பெருங்கூட்டம் கூடுகிறது, மது அருந்துகிறார்கள் என்றும் சேர்த்தார். “இதெல்லாம் போட்டாத்தாம்மா வந்து பாப்பாங்க” என்றார். நான் தடுக்கவில்லை. கோபத்தில் இருந்தேன். உண்மையில் அங்கே மது கிடையாது. டீயும் சமோசாவும்தான். பெருங்கூட்டம் என்பதும் பொய். நான் எட்டிப்பார்த்த ஒரே சனிக்கிழமை பதினேழு பேர் இருந்தார்கள், அதில் நால்வர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நாடெங்கும் இப்படிப்பட்ட ஆட்டபாட்டம் பெருகிவருகிறது என்றொரு வரியும் அந்த மனுவில் இருக்கிறது.

4. தாங்கள் காலதாமதமின்றி நடவடிக்கை எடுத்தீர்கள். 8ஆம் தேதி சீல் வைக்கப்பட்டது. மறுநாள் சனிக்கிழமை ஒரு சத்தமும் இல்லை. திங்கட்கிழமை நிம்மதியாகக் கதவைத் திறந்தேன். முப்பத்தாறு பொம்மைகள் வெடித்திருந்தன.

5. மறுநாள், அதாவது 12ஆம் தேதி, திரு. பைரோஸ் தன் மனுவோடு என்னிடம் வந்தார். புகார் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. “யாருன்னு தெரியலக்கா, யாருக்கோ கஷ்டமா இருந்திருக்குது. நீங்க பக்கத்து ஷெட்டு, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னு ஒரு கையெழுத்து போட்டா போதும்க்கா” என்றார். மறுத்தால் புகார் கொடுத்தது நான்தான் என்று புரிந்துகொள்வாரோ என்று பயந்தேன். போட்டுவிட்டேன். அவர் நன்றி சொல்லி, என் மகள் கனிஷ்காவின் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்.

6. அவரைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டும். துபாயில் ஒரு ஓட்டலின் நடன அரங்கில் எட்டு வருடம் பாட்டுப் போடும் டிஜேயாக இருந்தவர். ஆட வருபவர்கள் குறைந்து, அரங்கை எடுத்துவிட்டுச் சாப்பாட்டு மேசைகள் போட்டதும் ஊருக்கு வந்துவிட்டார். இங்கேயும் கல்யாணக்காரர்கள் இப்போது செண்டை மேளம்தான் கேட்கிறார்களாம். “வர்றவங்கள்ல பாதிப்பேரு ஆடுறதில்லக்கா, ஃபோன தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. முப்பது செகண்டுக்கு மேல ஒரு பாட்ட யாரும் கேக்கறதில்ல” என்று அன்று சொன்னார். இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாளோ என்ற பயம் அவருக்கு ஏற்கெனவே இருந்திருக்கிறது. என் மகளைக் கேட்டால், “ஆட்டம் எங்கம்மா கொறஞ்சிது, அவங்கவங்க வூட்லயே ஆடி வீடியோ போட்டுக்கிறாங்க” என்கிறாள். இருவரில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. பெருகுகிறது என்று மட்டும் நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.

7. 18ஆம் தேதி திங்கட்கிழமையும் பொம்மைகள் வெடித்திருந்தன. என்னிடம் அச்சு ஊற்றும் முத்தாயி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெடிப்பு எல்லாம் ஃபேன் பாத்த பக்கந்தாங்க இருக்குது” என்றார். சீக்கிரம் காயட்டும் என்று ஜூலை முதல் வாரத்தில் நான்தான் ஒரு பெரிய ஃபேன் வாங்கி மாட்டினேன். மற்ற நாட்களில் ஆட்கள் அவ்வப்போது பொம்மைகளைத் திருப்பி வைப்பார்கள். சனிக்கிழமை நான்கு மணிக்கு வேலை முடிந்துவிடும். அதன் பிறகு திங்கள் காலை வரை ஃபேன் ஒரே பக்கமாக அடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருந்தால் களி வெடிக்கும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். இருபத்திரண்டு வருடம் தொழில் செய்கிறவள் நான். மே, ஜூன் மாதங்களில் பாட்டும் இருந்தது, ஒரு பொம்மையும் வெடிக்கவில்லை. அதுகூட என் புத்தியில் உறைக்கவில்லை. திங்களன்று ஊற்றியவற்றை ஃபேனை நிறுத்தி, கோணி போர்த்திக் காயவைத்தோம். இன்று காலை வரை ஒன்றிலும் கீறல் இல்லை.

8. அன்றுதான் இன்னொன்றும் தெரிந்தது. முத்தாயிக்கு நாற்பத்தாறு வயது. ஜூன் மாதத்திலிருந்து ஒரு சனிக்கிழமை விடாமல் அவர் அந்தக் கூடத்துக்குப் போயிருக்கிறார். “வாரம் பூரா குனிஞ்சே கெடக்கறங்க. அங்க ஒரு மணி நேரம் ஆடுனாத்தான் முதுகு நிமிருது” என்றார். நான் எட்டிப்பார்த்தபோதும் உள்ளே இருந்திருக்கிறார். நான் குற்றம் தேடிப் போனதால் கண்ணில் படவில்லை.

9. ஐயா, திரு. பைரோஸ் 28ஆம் தேதி குவைத்துக்குப் போகிறார். அங்கே ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. சீல் எடுத்தால் போகமாட்டேன் என்று தன் தாயாரிடம் சொல்லியிருக்கிறாராம். கூட்டம் குறைந்து அவர் போயிருந்தால் அது காலத்தின் செயல் என்று இருந்திருப்பேன். என் ஃபேனால் அவர் போகக் கூடாது. ஆகவே முதல் மனுவை ரத்து செய்து, வரும் சனிக்கிழமைக்குள் கூடத்தைத் திறக்க ஆணையிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மது பற்றிய வரியைக் கோப்பில் பொய் என்றே குறித்துவிடுங்கள். பொய்ப் புகாருக்கு என்மேல் என்ன நடவடிக்கை உண்டோ அதற்குக் கட்டுப்படுகிறேன். என் பெயரை அவருக்குத் தெரியாமல் வைக்கும்படி கேட்கலாம் என்று இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்துவிட்டேன்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 20.08.2025

இப்படிக்கு,
தவறு செய்த மனுதாரர்,
க. பூங்கோதை

நகல்: திரு. பைரோஸ் அவர்களுக்கு. அவர் கையில் கொடுத்து, படித்து முடிக்கும்வரை எதிரில் நின்றுவிட்டு, அதன் பிறகே இதைத் தங்கள் அலுவலகத்தில் சேர்க்கிறேன்.